போக்குக் காட்டுதல் பொய்யா?

பொங்கலை ஒட்டிய நாட்களில் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்கள் பலவற்றில் கபடிப் போட்டிகள் நடைபெறும். நம் முன்னோர் சடுகுடு என்றழைத்த விளையாட்டு அது. பாடி வருபவன் நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியின் களத்துள் நுழைகிறான். இடப்பக்கம் கையை நீட்டுகிறான். அவன் குறியோ வலப்பக்கத்து ஆளின்மீது. திரும்பிச் செல்பவனைப்போல் முதுகைக் காட்டுகிறான். விரட்ட முன்வந்தவனைக் காலைப் பின்னே வீசித் தொட்டுவிடுகிறான். பிடிக்க நிற்பவர்களும் இளைத்தவர்கள் அல்லர். ஓரத்தில் நிற்பவன் கவனம் தப்பியவன்போல் பாசாங்கு செய்து ஆளை உள்ளே இழுக்கிறான். நெருங்கிய கணத்தில் கணுக்காலைக் கவ்விக்கொள்கிறான். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. இந்த வித்தைக்குத்தான் 'போக்குக் காட்டுதல்' என்று பெயர்.

போக்குக் காட்டுவதும் ஏமாற்றுவதுதானே? ஏமாற்றுவது பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்ற நாம், களத்தில் மட்டும் அதற்குக் கைதட்டுவது எங்ஙனம்?

இக்கேள்வி என்னுள் எழுந்த நாள் நன்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. திருமங்கலத்திற்குத் தெற்கே, கரிசல் காட்டு ஊரொன்றின் வற்றிய கம்மாய்க்குள் ஆடினோம். ஆட்டம் முடியும் தறுவாயில் நாங்கள் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தோம். கடைசியாகப் பாடி வந்த இளைஞனின் விரல்நுனி என் முழங்கையில் பட்டது. பட்டதை அறிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. கோட்டைத் தாண்டியதும் அவன் கையை உயர்த்தினான். நடுவர் என்னைப் பார்த்தார். 'படவில்லை' என்று தலையசைத்தேன். வென்றோம். கைகுலுக்க வந்தபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்கையைப் பார்த்தான்.

அன்று முழுதும் எத்தனையோ முறை நான் போக்குக் காட்டியிருந்தேன். அவற்றுள் ஒன்றும் நெஞ்சை உறுத்தவில்லை. அந்த ஒரு தலையசைப்பு மட்டும் உறுத்தியது. ஏன்?

போரில் பதுங்கித் தாக்குவது முறையா என்று 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா ஆராய்ந்தார். யோசுவா ஆயி நகரை வென்றது அவ்வாறே. தோற்று ஓடுபவர்போல் பின்வாங்கி நகரத்தாரை வெளியே இழுத்து, பதுங்கியிருந்த படையை உள்ளே புகச் செய்தார். புனிதர் இதனை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார். பொய்யுரைத்தோ வாக்குத் தவறியோ ஒருவனை ஏமாற்றுவது பகைவனிடத்தும் தகாது. நம் எண்ணத்தை நாம் வெளியிடாததால் அவன் ஏமாந்துபோவது வேறு, அது குற்றமாகாது.

'நீட்டிய கையும் ஒரு பொய்தானே?' என்று ஒருவர் கேட்கலாம். அன்று. களத்தில் நீளும் கை எவருக்கும் வாக்களிப்பதில்லை. அது பொய்க்கக் கூடும் என்பதை ஏழு பேரும் அறிவர். அறிந்தே கண் விழித்து நிற்கின்றனர். நடுவர் கேட்கும்போது சொல்லும் விடையோ வாக்கு. அதை நம்பியே அவர் கேட்கிறார்.

விதிகள் இந்த எல்லையைத் தேடித் தேடியே வளர்கின்றன. சென்னைத் தெருக் கிரிக்கெட்டின் 'சொடுக்குப் பந்'தைக் கற்று உலக அரங்குகளில் வீசியவர் ரவிச்சந்திரன் அஸ்வின். பந்து எப்பக்கம் திரும்பும் என்று அறியாமல் மட்டையாளர் திகைப்பார். அதை யாரும் குற்றம் என்பதில்லை. ஆனால் கையில் பந்து இல்லாத தடுப்பாளர் பந்தை எறிவதுபோல் வேண்டுமென்றே நடித்து மட்டையாளரை ஏமாற்றினால், 2017இல் வந்த விதிப்படி எதிரணிக்கு 5 ஓட்டங்கள் வழங்கப்படும்.

அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். 1903இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு எதிராக, செவ்விந்திய மாணவர்கள் பயின்ற கார்லைல் பள்ளியினர் பந்தை ஓர் ஆட்டக்காரரின் சட்டைக்குள் முதுகுப்புறம் செருகிவிட்டனர். ஹார்வர்டு வீரர்கள் பந்தைத் தேடி அலைய, அவர் ஓடிச் சென்று புள்ளி எடுத்தார். அன்று அதனைத் தடுக்க விதி இல்லை. பின்னரே தடை வந்தது. இத்தனை செய்தும் 12-11 என ஹார்வர்டே வென்றது.

சட்டத்திற்கு உட்பட்டிருந்த அச்செயல் நியாயமானதா? பந்து கண்ணுக்குத் தெரியும் என்ற பொதுப் புரிதலின்மேல்தான் அந்த ஆட்டமே நிற்கிறது. விழிப்பாயிருந்தும் காணமுடியாத இடத்தில் அதை ஒளித்தால் எதிரணியின் விழிப்புக்கு என்ன பொருள்? விதி மௌனமாய் இருந்தமையால் மட்டும் ஒரு செயல் நேர்மையாகிவிடாது. எதிராளி முன்னறிந்து காத்துக்கொள்ள இடமிருந்ததா? அவன் நம்பியே தீரவேண்டிய ஒன்றை நாம் பொய்யாக்கினோமா? இவ்விரு கேள்விகளையும் விதிநூல் கேட்காவிடினும் மனச்சான்று கேட்கும்.

இவை களத்தோடு முடிபவை அல்ல. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை மறைத்து, விரல் தொட்டு விலை பேசுவர். வாங்குபவர் தம்மால் எவ்வளவு தரமுடியும் என்பதை வெளியிடார். விற்பவரும் தம் கடைசி விலையைச் சொல்லார். இது பேரம், இதில் குற்றமில்லை. 'மாட்டுக்கு நோய் ஏதும் உண்டா?' என்று வாங்குபவர் கேட்க, உண்டென அறிந்தும் 'இல்லை' என்பவர் பேரம் பேசவில்லை, பொய் சொல்கிறார்.

அன்று எங்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குவாளி பரிசாகக் கிடைத்தது. என் அம்மா அதில் நெடுநாள் மோர் ஊற்றி வைத்தார். அதைக் காணும்போதெல்லாம் என் கை முழங்கையைத் தடவும். இன்று எங்கள் பகுதிச் சிறுவர்களுக்கு மாலை வேளைகளில் கபடி கற்றுக்கொடுக்கிறேன். போக்குக் காட்டும் வித்தைகள் அனைத்தையும் சொல்லித் தருகிறேன். ஆனால் முதல்நாள் பாடம் வேறு: உன்மேல் விரல் பட்டால், நடுவர் பார்க்கும் முன்னரே கையை உயர்த்திவிட்டு வெளியே வா.