ஈரியா சமிதியும் நம் பயணமும்



சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையே உள்ள கிள்ளை, விரைவு வண்டிகள் நில்லாது கடந்து செல்லும் சிறிய இரயில் நிலையம். விழுப்புரம் – மயிலாடுதுறை மார்க்கம் ஒற்றைப் பாதை. எதிர்வரும் வண்டிக்கு வழிவிட நம் வண்டி ஏதேனும் ஒரு நிலையத்தில் நிற்க நேர்ந்தால், நம் உள்ளம் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்கிறோம், சன்னல் வழியே தலை நீட்டுகிறோம், உடன் வந்தோரிடம் சினந்து பேசுகிறோம். இத்தனை செய்தும் வண்டி ஓர் அங்குலமேனும் நகர்ந்ததா? இல்லை. நிலைபெயர்ந்தது நம் மனமே. தாமதம் புறத்தே நிகழ்வது. அதனைக் காரணமாக்கிக் குரோதத்தை வளர்த்து, வினை ஊற்றுக்கு வாயில் திறப்பவர் நாமே.

நம் முனிவர்கள் நடக்கும் முறையை ஈரியா சமிதி என்பர். பகலொளியில், பலரும் நடந்து பழகிய வழியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி, உயிர்க்கு ஊறு நேராவண்ணம் அடிவைத்தல் அது. மழைக்காலத்தில் மண்ணில் சிற்றுயிர்கள் பெருகுவதால் நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குவதும் உண்டு. அத்தங்குதலை அவர்கள் காலவிரயமாக எண்ணுவதில்லை. பிற உயிர்க்கு அளிக்கும் அபயதானமாகவே கொள்கின்றனர்.

இதே இருப்புப் பாதையில், கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில், 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது இரயில் மோதி மாணவர் மூவர் உயிர் நீத்தனர். பிழை எவருடையது என்று தீர்ப்புக் கூறுவது இங்கு நம் பணியன்று. இருப்புப் பாதையைக் கடக்குமிடத்தில் ஒரு நொடியின் பொருள் யாது என்பதை மட்டும் மறவாதிருப்போம். மூடிய கேட்டின் அடியில் குனிந்து வண்டியை நுழைக்கும் ஒருவர், தாம் மிச்சப்படுத்தும் ஐந்து நிமிடத்துக்கு எதனை ஈடு வைக்கிறார்?

அவ்வாறாயின் மெத்தனமாக இருந்துவிடலாமோ எனின், அதுவும் தகாது. பதற்றத்தைப் போலவே சோம்பலும் பிரமாதமே. வழியில் நேரும் பதற்றம் பெரும்பாலும் வீட்டிலேயே பிறக்கிறது. காலம் தாழ்த்திப் புறப்பட்டவரே சாலையில் பறக்கிறார். அரைமணி முன்னதாகப் புறப்படுதல் இல்லறத்தார்க்கு ஏற்ற எளிய விரதம்.

அதன் பின்னும் காத்திருக்க நேர்ந்தால் என் செய்வது? நின்ற இடத்திலேயே, இருபத்தேழு மூச்சில் ஒன்பது முறை பஞ்ச நமஸ்கார மந்திரத்தை மனத்துள் ஓதுங்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடமே ஆகும். கேட் திறப்பதற்குள் சினம் அடங்கிவிடும். வீணென்று எண்ணிய பொழுது வினைச் செறிப்புக்கு உதவிய பொழுதாகும்.

வண்டி நம் வசத்தில் இல்லை. மனம் நம் வசத்தில் உண்டு. வீட்டில் நம்மை எதிர்நோக்கி இருப்போர், நாம் விரைந்து வருவதைவிட நலமாக வருவதையே விரும்புவர். பார்த்து நடப்போம், பொறுத்துக் கடப்போம்.

நல்லறம் வளர்க!