3,606 அடி

அணையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் "அது எந்த மட்டத்தில்?" என்று கேட்போம். மேட்டூரில் பொதுப்பணித் துறையில் இருந்தபோது ஒட்டிக்கொண்டது, பணி ஓய்வுக்குப் பின் மகளைப் பார்க்க அரிசோனா போனபோதும் என்னை விடவில்லை.

பவல் ஏரியின் வாவீப் படகுத்துறையில் கான்கிரீட் சரிவு ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது. டிரெய்லரைப் பின்பக்கமாக ஓட்டிவந்து, சக்கரம் நனைந்ததும் படகை நழுவவிடுகிறார்கள். சரிவின் அடிமுனைக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் அந்தத் துறையால் பயனில்லை. 2021 கோடையில் அதுதான் நடந்தது. வீட்டுப் படகுகளை இறக்க வழியில்லாமல், தாழ்வான இடத்தில் வேறு சரிவைத் தயார்செய்ய வேண்டியதாயிற்று. ஏரியின் மேல்கோடியில் ஹைட் என்ற துறையின் சரிவோ பல ஆண்டுகளாகத் தண்ணீரையே பார்க்காமல் தரையில் முடிகிறது.

விளையாட்டுப் படகுக்கு இத்தனை பாடா என்று மனசு முணுமுணுத்தது. ஜூன் 12 வந்தால் டெல்டாவுக்குத் திறக்க வேண்டுமே என்று ஆண்டெல்லாம் கணக்குப் பார்த்தவன் நான். ஆனாலும் அவர்கள் கணக்கு எனக்குப் புரிந்தது. அந்த ஏரியைத் தேக்கும் கிளென் கான்யன் அணையின் முழு மட்டம், கடல் மட்டத்திலிருந்து 3,700 அடி. 3,490க்குக் கீழே போனால் மின்சாரம் எடுக்க முடியாது. படகுச் சரிவு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

இப்படி ஓர் எண் தெய்வத்துக்கும் இருந்தது. 3,606.

தண்ணீர் அந்த மட்டத்தைத் தாண்டினால் வானவில் பாலம் என்ற தேசியச் சின்னத்தின் எல்லைக்குள் நுழைந்துவிடும். 290 அடி உயரத்தில், பள்ளத்தாக்கின் குறுக்கே இயற்கை வளைத்து நிறுத்திய கல். 1910-லேயே அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அப்பகுதிப் பூர்வகுடிகளான நவாஹோ மக்களுக்கு அந்தக் கல்லே தெய்வம். ஒரு காலத்தில் குதிரையிலோ நடந்தோதான் போக முடியும். 1963-இல் அணையின் மதகுகளை அடைத்தார்கள்; ஏரி நிறைய 1980 ஆயிற்று. அதற்குள் வாவீபிலிருந்து ஐம்பது மைல் படகில் வந்து இறங்கும் கூட்டம் பெருகிவிட்டது. பாறையில் பெயர் கிறுக்கினார்கள், பீர் குடித்தார்கள்.

நவாஹோ மருத்துவப் பூசாரிகள் நீதிமன்றம் போனார்கள். எங்கள் தெய்வங்கள் மூழ்கிவிட்டன, வழிபாட்டு இடங்களுக்குப் போக முடியவில்லை என்பது அவர்கள் முறையீடு. தண்ணீரை இறக்க வேண்டும், அங்கே பீர் கூடாது, சடங்கு நாட்களில் பயணிகளை விடக்கூடாது என்று கேட்டார்கள். 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. 3,606க்கு இறக்கினால் ஏரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் போய்விடும். நீர்த்தேக்கத்தின் தேவையே பெரிது. பயணிகளைத் தடுத்தாலோ, அரசே கோயில் நடத்துவதுபோல் ஆகிவிடும்.

தீர்ப்பில் எனக்கு வியப்பில்லை. என் நாற்காலியில் இருந்தவன் எவனும் அதைத்தான் எழுதியிருப்பான். என்னை உறுத்தியது முறையீடு. தெய்வம் எப்படி மூழ்கும்? மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மட்டம் தாழும்போது பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி தலைகாட்டும். தண்ணீருக்குள் இருந்த காலத்தில் சிவன் இல்லாமல் போய்விட்டார் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. எங்கும் நிறைந்தவன், தவிர, கலசத்தில் ஆவாகனம் செய்து மூர்த்தியை வேறு இடத்தில் எழுந்தருளச் செய்ய நமக்கு ஆகமத்தில் வழி இருக்கிறது. புலம்பெயரத் தெரிந்த தெய்வங்கள் நம்முடையவை.

அணை கட்டுகிறவனுக்கு இதைவிட வசதியான தத்துவம் வேறில்லை. ஊரைக் காலி செய்யச் சொல்லும்போது சாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடலாம். நவாஹோ பூசாரிகளிடம் அது செல்லாது. இந்தக் கல், இந்த ஊற்று, இந்த ஆற்றுக் கூடல்: இவை தெய்வம் தங்கும் இடங்கள் அல்ல, தெய்வங்களே. கோயிலை இடம் மாற்றலாம்; ஆற்றுக் கூடலை எந்தக் கலசத்தில் ஆவாகனம் செய்வது? அவர்கள் நம்பிக்கை எளியது, நம்முடையது உயர்ந்தது என்று நான் வளர்ந்த சூழலில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கென்னவோ, இழக்க முடிந்த தெய்வத்தைக் கும்பிடுகிறவன்தான் அதைக் காக்க வழக்குப் போடுவான் என்று தோன்றுகிறது. எங்கும் நிறைந்தவனுக்காக மேட்டூரில் யார் வழக்குப் போட்டார்கள்?

பிறகு வறட்சி வந்தது. 2005-இல் மட்டம் 3,555. 2023 தொடக்கத்தில் சுமார் 3,520. நீதிமன்றம் மறுத்ததைவிடக் கீழே. இடையில், 2021 ஜூனில், யூட்டா மாநில ஆளுநர் மழைக்காகப் பிரார்த்தனை செய்யும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். அரசு ஒரு மதத்தின் பக்கம் சாயலாகாது என்ற பேச்சு அப்போது யாருக்கும் நினைவு வந்திருக்காது.

"பூசாரிகளின் வேண்டுதல் பலித்துவிட்டது, அப்பா" என்றாள் மகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2023-இல் பனி நன்றாகப் பெய்து உருகியதும், சில மாதங்களிலேயே ஏரி அறுபது அடிக்கு மேல் ஏறியது. வாவீப் பக்கத்துக் குறுக்குக் கால்வாயில் மறுபடி படகுகள் ஓடின. இன்னும் இருபத்தைந்து அடிக்குள் ஏறியிருந்தால் 3,606-ஐத் தொட்டிருக்கும். அப்போது தண்ணீரைத் திறந்துவிட்டு மட்டத்தை இறக்கு என்று அணைக்காரனுக்குச் சொல்லும் உத்தரவைத்தான் பூசாரிகள் கேட்டார்கள், வறட்சியை அல்ல. பயணிகளுக்கோ, வளைவின் அடியில் நடக்க வேண்டாம் என்று 1995 முதல் பூங்காத் துறை கேட்டுக்கொள்கிறது. அது வேண்டுகோள்தான், நடந்தால் அபராதம் கிடையாது.