வியர்வையும் விரல்நுனி இரத்தமும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



ரமளான் நெருங்கினால் சர்க்கரை நோயுள்ளவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. "நோன்போடு விரலில் குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறியுமா ஹஜ்ரத்?" என்பது ஒன்று. "குத்தாமல், வியர்வையைக் கொண்டே சர்க்கரையைச் சொல்லும் கைக்கடிகாரம் வந்திருக்கிறதாமே, அதைக் கட்டிக்கொண்டால் போதாதா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பின்னால் இருப்பது நோன்பு வீணாகிவிடக் கூடாதே என்ற பயம். நல்ல பயம்தான். ஆனால் பயத்தோடு இல்மும் சேர வேண்டும்.

முதற் கேள்விக்கு விடை எளிது. நாயகம் (ஸல்) அவர்கள் நோன்பிருந்த நிலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். அதனால் நோன்பு முறியாது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் தீர்ப்பு. குத்தி எடுக்கும் இரத்தமே முறிக்காதபோது, ஊசிமுனையில் அரும்பும் ஒரு துளி எப்படி முறிக்கும்?

இரண்டாம் கேள்விக்கு வருவோம். வியர்வையிலும் சர்க்கரை உண்டு என்பது உண்மையே. 2016இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக அறிஞர்கள், வியர்வையிலுள்ள சர்க்கரையையும் உப்புகளையும் அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் பட்டை ஒன்றைச் செய்து காட்டினார்கள். மனிதனுக்கு அல்லாஹ் அளித்த அறிவின் சிறப்பு அது. ஆயினும் வியர்வையிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் உள்ளதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். வியர்வை சுரக்கும் வேகம் மாறினால் அளவும் மாறும். பேரீச்சம்பழம் தொட்ட விரலின் பசை ஒட்டினாலே கணக்கு பிசகிவிடும். அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கோ அளக்கப் போதிய வியர்வையே வராது.

இதனால்தான் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2024 பிப்ரவரியில் பொதுமக்களை எச்சரித்தது. தோலைத் துளைக்காமல் தானே இரத்தச் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்று அது அறிவித்தது. அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்க அல்முதஃப்பிஃபீன் என்று ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. பண்டத்தை அளப்பதிலேயே இத்தனை கண்டிப்பு என்றால், ஓர் உயிரைக் காக்கும் அளவில் பொய் சொல்லி விற்போரின் நிலை என்ன? அதை அறிந்தும் நம்பிக் கட்டிக்கொள்வோரின் நிலை என்ன?

இது வீண் பேச்சல்ல. 2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் அதிகமான முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போனது மற்ற மாதங்களைவிட ரமளானில் 7.5 மடங்காக இருந்தது.

சகோதரர்களே! சர்க்கரை இறங்கும்போது உடலே வியர்வையை விட்டு எச்சரிக்கிறது. குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, தடுமாற்றம் — இவை கண்டால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். மீட்டர் 70க்குக் கீழே காட்டினாலோ, 300க்கு மேலே காட்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது நீரிழிவு மருத்துவர்களின் சர்வதேச வழிகாட்டுதல். "மஃரிபுக்கு அரை மணி நேரம்தானே" என்று பல்லைக் கடித்திருப்பது ஸப்ர் ஆகாது. நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்று அல்பகரா சூராவின் 184, 185ஆம் வசனங்களில் சலுகை தந்தவன் அல்லாஹ். தன்னைத் தானே அழிவில் தள்ளுவதை 195ஆம் வசனத்தில் தடுத்தவனும் அவனே. விட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை அற்றவருக்கு ஃபித்யா இருக்கிறது. போன உயிருக்குக் களா உண்டா?

ஆகவே ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளும் மருமக்களும் மீட்டரைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள். வாப்பாவோ உம்மாவோ மறுத்தாலும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நாளை வியர்வைப் பட்டைகள் சோதனையில் தேறி, மருத்துவர்கள் ஏற்றால், அதையும் அல்லாஹ்வின் அருட்கொடையாக ஏற்போம். அதுவரை ஒரு துளி இரத்தம் சொல்லும் உண்மையையே நம்புவோம்.

உடல் அவன் தந்த அமானிதம். அதைப் பேணி, அவனுக்காக நோற்று, அவன் தந்த சலுகையையும் நன்றியோடு ஏற்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.