கைமாத்தைக் கேளுங்கள், இந்த மாதமே

தா.பழூரில் ஒரே பஸ் ஏறி ஜெயங்கொண்டத்துக்கும் கும்பகோணத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்குள் நடக்கும் கைமாத்துக்குச் சாட்சியும் கிடையாது, சீட்டும் கிடையாது. "சம்பளம் வந்ததும் தந்துடுறேண்ணே" என்ற வாக்கு ஒன்றுதான். சம்பளம் எத்தனையோ முறை வந்தாயிற்று. அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கும் பணம் வந்து செலவாகிவிட்டது. கொடுத்தவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

திறங்கள் ஐயா. கேட்டால் பழக்கம் கெட்டுவிடும் என்கிறீர்கள். அவரிடம் கேட்காத நீங்கள் டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியாயிற்றே, அப்போதே கெட்டுவிட்டது. முகத்துக்கு நேரே கேட்பதில் அவமானம் இல்லை. முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான் அவர் மானத்தை வாங்குகிறது.

நாளும் ஓடுகிறது. தவணைத் தேதி பேசாத கைமாத்துக்கு, 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, பணம் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். "தை பொறக்கட்டும்" என்று அவர் வருஷா வருஷம் வாயால் சொல்வது அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு.

ஆகவே தனியாகக் கூப்பிடுங்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள், அவர் வீட்டு வாசலில் குரலை உயர்த்தாதீர்கள், மேலதிகாரியிடம் ஓடாதீர்கள். தொகையையும் தேதியையும் சொல்லி, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டு ஒன்று கேளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தந்தால், நோட்டின் பின்பக்கம் அவர் கையாலேயே வரவு எழுதிக் கையெழுத்திடட்டும். தொகை எழுதாத காசோலை, ஏடிஎம் கார்டு எதையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். வட்டி பேசாமல் கொடுத்துவிட்டு இப்போது மீட்டர் போடுவது அநியாயம். கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டமே வந்திருக்கிறது.

பேச்சு முறிந்தால் உடனே வக்கீல் நோட்டீஸ் என்று கிளம்ப வேண்டியதில்லை. ஜெயங்கொண்டத்தில் சட்டப் பணிகள் குழுவிடம் மனுக் கொடுத்தால், வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பேசலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இருவரும் ஒத்துக்கொண்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

வாங்கியவரே, நீங்களும் கேளுங்கள். 3 ஆண்டு ஓடட்டும் என்று நாள் எண்ணுகிறீர்களா? வழக்குப் போடும் வழிதான் அடைபடும், கடன் அப்படியேதான் இருக்கும். காலம் கடந்த கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அது செல்லும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அவர் முன்வாசலில் ஏறினால் நீங்கள் பின்வாசலுக்கு நகர்வதை பஸ்ஸே பார்க்கிறது. முழுத் தொகையும் சேரக் காத்திருக்காமல், இந்தச் சம்பளத்திலேயே 500 ரூபாயாவது கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் அதையாவது நேரில் சொல்லுங்கள்.

உண்மையிலேயே ஆஸ்பத்திரிச் செலவில் நொடிந்து போனவர் என்றால், கொடுத்தவர் விட்டுவிடலாம். ஆனால் மனசுக்குள் விட்டால் போதாது. "இனி தர வேண்டாம் தம்பி" என்று அவரிடமே சொல்லுங்கள், நோட்டு இருந்தால் கிழித்துக் கையில் கொடுங்கள். பிறகு அவர் தீபாவளிக்குப் புது வண்டி எடுத்தாலும் கணக்குப் பார்க்காதீர்கள்.