மயங்கினார்க்கு உதவுதல் அறமாமோ?

கள்ளும் கஞ்சாவும் அபினியுமே மயக்கப் பொருள்களாய் நின்ற காலம் கழிந்தது. இக்காலத்து ஆய்வுக்கூடத்திற் செயற்கையாய் ஆக்கிய மருந்துகளும் இளைஞரை மயக்குகின்றன. நோவு தணித்தற்கென அமைந்த டேபென்டடால் மாத்திரையை நுணுக்கி, நீரிற் கரைத்து, ஊசிவழி உடம்பிற் செலுத்துங் கொடுஞ்செயல் தமிழ்நாட்டு நகரங்களிலும் பரவியுள்ளது. இந்தியாவில் ஊசிவழி மயக்கமருந்து கொள்வார் ஏறத்தாழ 8.5 இலட்சம் பேர் என 2019-இல் வெளியான அரசின் ஆய்வு கணித்தது.

இதன்கண் விளையுங் கேடு மூவகைத்து. உண்டற்கென ஆக்கிய மாத்திரையிற் கரையாத பொருள்கள் உண்டு. அவை குருதிக்குழாயை அடைத்துப் புண்படுத்தும். ஓர் ஊசியைப் பலர் மாறிக்கொள்வதால் எச்.ஐ.வி. கிருமியும், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் தொற்றும். சின்னாள் விட்டிருந்தவன் மீளப் பழைய அளவையே கொள்வானாயின், உடல் தாங்காது மூச்சடங்கி மாய்தலுங் கூடும். மறைவில் தனித்திருப்பானாயின் காப்பாருமிலர். பகிர்ந்துண்டல் அறமென்பர், ஊசியை நட்பின் அடையாளமாகப் பகிர்வாரிடத்தோ அப்பகிர்வே கூற்றாகின்றது.

தேசிய எய்ட்சுக் கட்டுப்பாட்டு நிறுவனம் இத்தகையோர்க்குத் தூய ஊசி வழங்கியும், ஊசிப்பழக்கத்தினின்று மீட்கப் புப்ரினார்பின் மாத்திரையை மேற்பார்வையில் நாவின்கீழ் இடுவித்தும் உதவி வருகின்றது. ஈண்டு ஒருசாரார், "தீயொழுக்கத்தானுக்கு ஊசி அளித்தல் தீமைக்குத் துணைபோதலன்றோ?" என வினவுவர். வினா புறக்கணிக்கத் தக்கதன்று. யானும் நெடுநாள் அங்ஙனமே கருதினேன்.

ஆயின் ஆராய்க. தூய ஊசி பெறாதவன் அதனாலேயே மயக்கத்தை விடுவானல்லன். அயலான் ஊசியை நாடுவான். ஆகவே மறுத்தலாற் தீமை குறைவதில்லை, நோயே கூடும். அந்நோய் குற்றமறியா மனைவிக்கும் மகவிற்குஞ் செல்லும். தீமை வளர்க என்னுங் கருத்தொடு செய்வதே துணைபோதல். இவன் உயிரோடிருந்து திருந்துக என்னுங் கருத்தொடு செய்வது அருள்.

அற்றேல், விற்பானையும் பொறுத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. அவன் பிறர் மயக்கத்தாற் பொருளீட்டுவோன், ஒறுத்தற்குரியன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டமும், சிற்றளவு குற்றத்திற்பட்ட அடிமைகள் தாமே மருத்துவம் நாடின் வழக்கினின்று விலக்களித்து, இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றது.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது நம் சித்தாந்தம். மயக்கஞ் சார்ந்து மயங்கிய உயிர், அன்புடையாரைச் சார்ந்து தெளிதலுங் கூடும். அங்ஙனஞ் சார்தற்கு அவ்வுயிர் உடம்பொடு நிற்றல் வேண்டுமன்றோ?

எம் செட்டியார்பட்டிப் பக்கத்தே, இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிற் புண்கட்டுந் துணி நெய்கின்றனர். அத்துணி, புண் நல்லோனதோ தீயோனதோ என வினவுவதில்லை. முதற்கண் குருதி நிற்க. அறிவுரை அதன் பின்னர் ஆகுக.