கீறியவரின் கடன்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஹைடெல்பேர்க் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கம் ஜேர்மனியில் வாழும் நம்மில் பலருக்கு உண்டு. நெக்கார் ஆற்றுக்கு மேலே சிவந்த மணற்கல்லில் நிற்கும் பாதிச் சுவர்களின் முன்னால் படம் எடுக்கிறோம். "என்ன வடிவு!" என்கிறோம். ஓர் அழிவைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறோம் என்பது அப்போது நினைவில் இருப்பதில்லை.

பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படைகள் 1689இலும் 1693இலும் அந்தக் கோட்டையை எரித்தன, வெடிவைத்துத் தகர்த்தன. கீழே இருந்த நகரும் எரிந்தது. 1764இல் மின்னல் விழுந்து, திருத்திய பகுதிகளும் நாசமாயின. அதன்பின் அது ஊரவர்கள் வீடு கட்டக் கல் எடுக்கும் இடமாயிற்று.

1810இல் சார்ல்ஸ் து கிரெம்பேர்க் என்ற ஓவியர் அதைக் கீற வந்தார். அவர் பிரெஞ்சுக்காரர், புரட்சிக்குத் தப்பி நாட்டைவிட்டு வெளியேறிய பிரபு குடும்பத்தவர். கீறி முடித்ததும் போயிருக்கலாம். போகவில்லை. 1864இல் இறக்கும்வரை ஹைடெல்பேர்க்கிலேயே இருந்தார். சம்பளமில்லாத காவலாளியாகக் கோட்டை வளாகத்திலேயே சிலகாலம் குடியிருந்து, கல் எடுக்க வந்தவர்களைத் தடுத்தார். பழம்பொருள்களைத் தேடிச் சேர்த்தார். நகர அருங்காட்சியகம் அந்தச் சேகரிப்பிலிருந்தே வளர்ந்தது. அவருடைய படங்கள் அச்சாகிப் பயணிகளின் கைகளில் ஐரோப்பா எங்கும் போயின.

இங்கேதான் கேள்வி எழுகிறது. இடிபாட்டை அழகாகக் கீறுவது சரியா? கோட்டோவியத்தில் புகை மணக்காது. எரிந்த வீட்டுக்காரரின் அழுகையும் கேட்காது. அதை விற்றால், பிறர் பட்ட துன்பத்தில் காசு பார்த்ததாகவும் சொல்லலாம். இந்தக் குற்றச்சாட்டை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் படங்கள் இல்லாதிருந்தால் கற்களும் போயிருக்கும், எரிந்த கதையும் அவற்றோடு போயிருக்கும்.

தன் நாட்டுப் படை செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடினார் என்று அவரை விளக்குவது சுலபம். எனக்கு அது போதவில்லை. அந்தப் படை வந்துபோய் நூறு வருடங்களுக்கு மேலாகியிருந்தது. அவரே நாடிழந்து வந்தவர். கடன் குற்றத்தால் வரும், அல்லது இரத்த உறவால் வரும் என்று நாம் பழகியிருக்கிறோம். அவருடைய கடன் பார்த்ததால் வந்தது. ஒன்றை நெடுநேரம் உற்றுப் பார்த்து, அதன் அழகை எடுத்துக்கொண்டவர் அதற்கு ஏதோ திருப்பிக் கொடுக்க வேண்டியவராகிறார்.

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும் நமது பிள்ளைகளும் அங்குள்ள கோட்டையைக் கீறுகிறார்கள். போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் ஐங்கோணமாகக் கட்டியது அது. உள்ளே 1706இல் எழுந்த தேவாலயம் நமது காலத்துப் போரில் அழிந்தது. திருத்தவேலைக்கு நெதர்லாந்தும் பணம் கொடுத்தது. "இது எங்கட கோட்டையா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் நேரான பதில் இல்லை. ஹைடெல்பேர்க்கைப் பற்றிக் கேட்டாலும் இல்லை. ஆனால் கிரெம்பேர்க்கிடம் யாரும் உரிமைப்பத்திரம் கேட்கவில்லை. பராமரித்ததால் அந்த ஊரோடு சேர்ந்துபோனார்.

ஐம்பத்து நான்கு வருடங்களை எல்லோராலும் கொடுக்க முடியாது. கீறும் பிள்ளையிடம் "வடிவாயிருக்கு" என்று சொல்வதோடு நில்லாமல், "இந்தச் சுவர் எப்படி இடிந்தது?" என்றும் கேட்கலாம். தெரியாவிட்டால் அங்குள்ள ஒரு பெரியவரிடம் விசாரித்து, அதே தாளின் மூலையில் எழுதி வைக்கட்டும்.