படாசாரைக்கு ஈந்த ஆடை



கணவன், இரு மக்கள், பெற்றோர், உடன்பிறந்தான் யாவரையும் இழந்து சித்தங் கலங்கி, உடையின்றித் திரிந்த படாசாரையை மக்கள் மண்ணாங்கட்டியால் அடித்துத் துரத்தினர். ஜேதவனத்தில் பகவரோ அவளை வரவிடச் செய்தார். ஒருவர் தம் மேலாடையை ஈந்தார். அதனை ஏற்றது அவளுக்கு இழிவாமோ? பின்னர் அவளே விநயம் கற்ற பிக்குணிகளுள் முதல்வியானாள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் இயலாமையென ஏற்றுள்ளது. எனினும், 2001இல் சுரங்கம் மூடப்பட்ட நம் தங்கவயலில், மனநோயால் உழைக்க இயலாதவர் பெறும் அரசு உதவித்தொகையைச் சிலர் பிச்சையென்கின்றனர். அன்று, அஃது அம்மேலாடையே. “கைகால் நன்றாயிருக்கின்றனவே” என்று ஏசுவது மண்ணாங்கட்டி எறிவதாம். மருத்துவச் சான்று பெறச் செல்வோர்க்குத் துணை செல்லுங்கள், அதுவும் தானமே.

நமோ புத்தாய!